இர்விங் பென்: ஒரே திரை, ஒரே வெளிச்சம் (சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சேலத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களும், கல்யாணப் படம் எடுப்பவர்களும், புதிதாகக் கேமரா வாங்கிய கல்லூரி மாணவர்களும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இந்த மனிதரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

யார் இந்த இர்விங் பென்?

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர். 1917 ஜூன் 16 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பிளெயின்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். அப்பா கடிகாரத் தொழிலாளி, அம்மா செவிலியர். 1943இல் வோக் என்ற ஃபேஷன் இதழில் சேர்ந்தார். அந்த உறவு அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 150க்கும் மேற்பட்ட அட்டைப்படங்கள் அவர் எடுத்தவை. சினிமா இயக்குநர் ஆர்தர் பென் அவருடைய தம்பி. 2009 அக்டோபர் 7 அன்று நியூயார்க்கில் தமது 92ஆம் வயதில் காலமானார்.

நியூயார்க்காரரைப் பற்றிச் சேலத்தில் எதற்குப் படிக்க வேண்டும்?

நியாயமான கேள்விதான். ஒளிப்படம் நமக்கு நேற்று வந்த சரக்கு அல்ல. மதராஸ் அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி அன்றைய சேலம் மாவட்டத்தில் ராயக்கோட்டையையும் சுற்றியுள்ள இடங்களையும் எடுத்த படங்கள் 1858இலேயே தொகுப்பாக வந்துவிட்டன. ராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 1935இல் டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய பிறகு நட்சத்திரங்களின் முகத்துக்கு வெளிச்சம் அமைக்கும் வித்தையும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. எடுக்கும் கை இங்கே எப்போதும் இருந்தது. எதை விடுவது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். ஒரு ஃபிரேமுக்குள் ஊஞ்சல், குடை, பலூன், புகைக்குண்டு என எல்லாவற்றையும் திணிக்கிறோம். பென் ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு, கடைசியில் ஒரு துணியையும் ஒரு ஜன்னலையும் மட்டும் வைத்துக்கொண்டார். அந்தத் துணியின் முன்னால் பாரிஸின் விலையுயர்ந்த உடையும் நின்றது. கரிமூட்டை சுமப்பவரும் நின்றார். அவரைப் படிக்க எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

அவர் ஓவியராக ஆசைப்பட்டவராமே?

ஆமாம். 1934 முதல் 1938 வரை பிலடெல்பியாவின் தொழிற்கலைப் பள்ளியில் அலெக்ஸி பிரோடோவிச்சிடம் வடிவமைப்பு படித்தார். பிரோடோவிச் ஹார்ப்பர்ஸ் பஜார் இதழின் கலை இயக்குநர். அந்த இதழுக்கு வரைந்து கொடுத்ததில் கிடைத்த பணத்தில்தான் பென் தம் முதல் ரோலிஃபிளெக்ஸ் கேமராவை வாங்கினார். பிறகு வேலையை உதறிவிட்டு மெக்சிகோ போய் ஓராண்டு ஓவியம் தீட்டினார். தீட்டியது தமக்கே பிடிக்கவில்லை, அழித்துவிட்டுத் திரும்பினார்.

1943இல் வோக்கின் கலை இயக்குநர் அலெக்சாண்டர் லிபர்மன் அவரைச் சேர்த்துக்கொண்டபோது, அட்டைப்படத்துக்கு யோசனை வரைந்து கொடுப்பதுதான் வேலை. இதழின் பெரிய ஒளிப்படக்காரர்கள் இந்தப் பையனின் வரைபடத்தைப் பார்த்துப் படம் எடுக்க மனம் வைக்கவில்லை. அப்படியானால் நீயே எடுத்துவிடு என்று லிபர்மன் சொன்னார். 1943 அக்டோபர் 1 இதழின் அட்டையில் வந்தது அதுதான்: தோல் பை, கையுறை, எலுமிச்சை, ஆரஞ்சு. ஆளே கிடையாது. அடுத்து உலகப்போர். அமெரிக்கத் தன்னார்வ மருத்துவ வாகனப் பிரிவில் சேர்ந்து இத்தாலியில் ஆம்புலன்ஸ் ஓட்டினார், இந்தியாவிலும் பணியாற்றினார்.

அவருக்கு முன் ஃபேஷன் படம் எடுத்தவர்களே இல்லையா? பிறகு ஏன் முன்னோடி என்கிறார்கள்?

பலர் இருந்தார்கள். பாரன் டி மேயர், ஸ்டைக்கன், ஹாய்னிங்கன்-ஹூனே, செசில் பீட்டன் என்று பெரிய வரிசையே உண்டு. ஆனால் அந்தப் படங்களில் உடையோடு ஒரு மாளிகையும் வந்து நிற்கும். தூண், சரவிளக்கு, பூச்சாடி, பட்டு மஞ்சம். உடுத்தியிருப்பவர் சீமாட்டி என்று பார்ப்பவரை நம்பவைக்க வேண்டுமல்லவா? பென் மாளிகையை இடித்துவிட்டார். வெறும் திரை, பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம், உடையின் வெட்டு. தோள்பட்டையிலிருந்து இடுப்புக்கு இறங்கும் கோட்டையே படத்தின் கதையாக்கினார்.

1950 ஏப்ரல் 1 வோக் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜீன் பாட்செட் என்ற மாடல். கறுப்பும் வெள்ளையும் மட்டும். 1932க்குப் பிறகு அந்த இதழ் வண்ணமில்லாமல் போட்ட முதல் அட்டை அது. இன்று பார்த்தாலும் பழையதாகத் தெரியவில்லை. நம் ஊர்க் கல்யாண ஆல்பங்கள் ஐந்து வருடத்தில் பழசாகிவிடுவதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புகழ்பெற்ற சாம்பல் திரை எங்கிருந்து வந்தது?

1950இல் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர்களின் புதிய உடைகளைப் படமெடுக்க வோக் அவரை அனுப்பியது. வொஜிரார் தெருவில் பழைய ஒளிப்படப் பள்ளி ஒன்றின் மேல்மாடியைப் பிடித்தார்கள். படி ஏறித்தான் போக வேண்டும். ஆனால் ஜன்னல் வெளிச்சம் அருமை. அங்கே பின்னால் தொங்கவிடக் கிடைத்தது ஒரு பழைய நாடகத் திரை. சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாகச் சாயம் பூசியது. பென்னுக்கு அது பிடித்துப்போய், வாழ்நாள் முழுவதும் கூடவே வைத்துக்கொண்டார். புதுத் திரை வாங்கினால் படம் நன்றாக வரும் என்று நம்புகிற நண்பர்களுக்கு இந்தத் தகவலைக் காணிக்கையாக்குகிறேன்.

மூலையில் நிற்கவைத்து எடுத்த படங்கள் என்ன கதை?

1948இல் இரண்டு பலகைத் தட்டிகளைக் குறுகிய கோணத்தில் சேர்த்து ஒரு மூலை செய்தார். வந்தவர்களை அதற்குள் நிற்கச் சொன்னார். எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி, ஓவியர் மார்செல் துஷாம், குத்துச்சண்டை வீரர் ஜோ லூயி எல்லாரும் அதற்குள் நின்றவர்கள்தான். பேர் பெற்றவர்கள் கேமராவுக்கென்று ஒரு முகம் தயாராக வைத்திருப்பார்கள். இடம் நெருக்கினால் உடம்பு தன்னிச்சையாக ஏதாவது செய்யும்: ஒருவர் சுவரைத் தள்ளுவார், ஒருவர் ஒண்டிக்கொள்வார், ஒருவர் சாய்ந்துகொண்டு சொகுசாக நிற்பார். போஸ் சொல்லித்தராமலே போஸ் கிடைத்துவிடுகிறது.

இரண்டு பிளைவுட் பலகை இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். நம் பக்கத்து அரசியல் பிரமுகர்களை அதில் நிறுத்திப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை.

மனைவியும் மாடல்தானா?

ஆமாம். லிசா ஃபோன்சாக்ரீவ்ஸ், ஸ்வீடனில் பிறந்தவர், நடனம் பயின்றவர். 1947இல் அதிகம் படமெடுக்கப்பட்ட பன்னிரண்டு மாடல்களைச் சேர்த்து பென் எடுத்த குழுப்படத்தில் அவரும் இருந்தார். 1950இல் லண்டனில் திருமணம். பின்னாளில் சிற்பியானார், 1992இல் மறைந்தார். பாரிஸ் உடைப் படங்களில் அவருடைய உடலின் நிற்பைக் கவனியுங்கள். அந்தப் படங்களில் பாதிப் பெருமை அவருக்கு உரியது.

தொழிலாளர்களை எடுத்த வரிசை பற்றிச் சொல்லுங்கள். ஃபேஷன் ஆளுக்கு அதில் என்ன வேலை?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அதே 1950, அதே மேல்மாடி, அதே திரை. உடைகளை எடுத்த இடைவெளியில் பாரிஸ் தெருக்களில் தொழில் செய்பவர்களை வரவழைத்தார். ஆள் தேடித் தர உதவியவர்களில் ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் துவானோவும் ஒருவர். கசாப்புக்கடைக்காரர், மீன் விற்பவர், ரொட்டி சுடுபவர், கண்ணாடி போடுபவர், கரி சுமப்பவர். வேலை செய்யும் அதே உடையில், அதே கருவியோடு வரவேண்டும். அதற்குக் கூலியும் உண்டு. தொடர்ந்து லண்டனிலும் நியூயார்க்கிலும் எடுத்தார். 1950–51இல் முடிந்த இந்த வரிசையிலிருந்து 252 பிரிண்ட்களைக் கலிபோர்னியாவில் உள்ள கெட்டி அருங்காட்சியகம் 2008இல் வாங்கிக்கொண்டது.

மூன்று ஊர்க்காரர்களும் மூன்று விதமாக நடந்துகொண்டதை பென் பிற்பாடு சொல்லியிருக்கிறார். பாரிஸ்காரர்களுக்குச் சந்தேகம்: இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது, இருந்தாலும் காசு வருகிறதே என்று வந்தார்கள். லண்டன்காரர்களுக்கு, தம்மை வேலை உடையில் படம்பிடிப்பது உலகத்திலேயே இயல்பான காரியமாகத் தோன்றியது. அமெரிக்கர்களில் சிலர், எவ்வளவு சொல்லியும், முகச்சவரம் செய்து ஞாயிற்றுக்கிழமை கோட்டு அணிந்து வந்து நின்றார்கள்.

சேலத்துக்காரர்கள் எந்த ரகம் என்று சொல்லத் தேவையில்லை. பட்டறையில் வேலை செய்யும் ஒருவரை நாளைக்குப் படமெடுக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். சலவை வேட்டியும் விபூதியுமாக வருவார். அவர்மீது தப்பில்லை. அழுக்குச் சட்டையில் தம்மை ஒருவர் மதிப்பார் என்பதை அவர் நம்பும்படி யாரும் இதுவரை நடந்துகொள்ளவில்லை.

இங்கே அப்படி ஒரு வரிசை எடுப்பதென்றால் யாரிடமிருந்து தொடங்குவது?

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளிலிருந்து தொடங்கலாம். ஊதுகுழல், இடுக்கி, பற்றவைக்கும் பொடி என்று கையில் ஏந்த நிறைய இருக்கிறது. அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் நெசவாளர்கள். தறியின் நாடாவைக் கையில் பிடித்தபடி நிற்கலாம். ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளர்கள், லீ பஜாரில் மூட்டை தூக்குபவர்கள், மாம்பழக் காலத்தில் கூடை சுமப்பவர்கள். தட்டுவடை செட் போடுகிறவரை விட்டுவிடாதீர்கள். அவருடைய தட்டும் கரண்டியும் இல்லாமல் சேலத்தின் வரிசை முழுமை பெறாது.

பட்டறைக்குள் போய் எடுப்பது எளிது. நெருப்பும் புகையும் படத்தைக் காப்பாற்றிவிடும். அவரை வெளியே அழைத்து வெறும் துணியின் முன்னால் நிறுத்தினால் காப்பாற்ற எதுவுமில்லை. இடுக்கியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த விரல், வளைந்த தோள், கண்ணோரச் சுருக்கம் இவைதான் பேச வேண்டும். தொழில் உடம்பில் எங்கே எழுதியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். படத்துக்காக அவர் விட்ட வேலை நேரத்துக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். பென் கொடுத்தார்.

வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் சிறந்தது என்று புத்தகங்களில் இருக்கிறது. சேலத்திலும் அப்படியா?

பாதி உண்மை. பாரிஸ் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 49 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கில்தான் நிற்கும். ஆகவே வடக்கு ஜன்னலில் உச்சி வெயில் விழவே விழாது. சேலம் 11.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். திரும்பி வருவது ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில். அந்த நான்கு மாதமும் வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது ஜன்னலுக்கு வெள்ளை மல் துணியைக் கட்டிவிடுங்கள், அல்லது தெற்கு ஜன்னலுக்கு மாறிவிடுங்கள். வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்த விதியை நம் சூரியனிடம் கேட்காமல் பின்பற்றக் கூடாது.

ஆளை ஜன்னலுக்கு அருகிலும் திரையைச் சில அடி பின்னாலும் வையுங்கள். ஜன்னலிலிருந்து விலக விலக வெளிச்சம் வேகமாகக் குறையும் என்பதால் முகம் பிரகாசமாகவும் திரை மங்கலாகவும் தானாக அமையும்.

திரையை நாமே செய்ய முடியுமா?

முடியும், அதுவும் சேலத்தில் சுலபமாக. அகலமான காடாத் துணியை வாங்கி, ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு இழுத்துக் காயவையுங்கள். நூலுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய ஊர் இது. கேட்டால் பக்கத்து வீட்டிலேயே பக்குவம் சொல்வார்கள். காய்ந்ததும் சாம்பல் நிற டிஸ்டெம்பரை இரண்டு மூன்று அடர்த்தியில் கலந்து, துணிப்பந்தால் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். ஒரே சீராகப் பூசிவிட்டால் பாஸ்போர்ட் படத்தின் திரையாகிவிடும். திட்டுகள் வேண்டும், ஆனால் கண்ணை இழுக்கக் கூடாது.

மலைவாழ் மக்களையும் அவர் படமெடுத்திருக்கிறார். ஏற்காட்டில் அதுபோல் செய்யலாமா?

இதற்கு ஒரே வரியில் ஆம், இல்லை என்று சொல்ல முடியாது.

1948 டிசம்பரில் வோக் வேலையாகப் பெரு நாட்டுக்குப் போன பென், வேலை முடிந்ததும் ஆண்டிஸ் மலையில் உள்ள குஸ்கோ நகருக்குத் தனியாகப் போனார். கிறிஸ்துமஸ் சமயம். உள்ளூர் ஒளிப்படக்காரர் ஒருவரின் ஸ்டூடியோவைச் சில நாளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டார். பண்டிகைக்காகப் படம் எடுத்துக்கொள்ள வந்த மலைக் குடும்பங்கள், பணம் கொடுக்க வந்த இடத்தில் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். வெறுங்காலோடு ஒரு சின்ன மேசையின் இருபுறமும் சாய்ந்து நிற்கும் சிறுவனும் சிறுமியும் அப்போது எடுத்த படம்தான். தீட்டிய திரை, கல் தரை, பக்கத்து வெளிச்சம். நம் ஊரில் தாத்தா பாட்டிகள் எடுத்துக்கொண்ட ஸ்டூடியோ படத்துக்கும் அதற்கும் ஒரு சொந்தம் தெரிகிறது.

பிறகு 1967 முதல் மடித்து எடுத்துச்செல்லும் கூடாரம் ஒன்றையே ஸ்டூடியோவாக்கி நேபாளம், அன்று டஹோமி என்றிருந்த பெனின், கேமரூன், நியூ கினி, மொராக்கோ என்று போனார். மனிதர்களை அவரவர் ஊரிலிருந்தும் வீட்டிலிருந்தும் பிரித்து, அலங்காரப் பொருளாக்கிவிட்டார் என்று விமர்சகர்கள் குறைகூறினார்கள். நானும் பாதி அந்தப் பக்கம்தான். குஸ்கோ மக்கள் தங்களுக்குப் படம் வேண்டும் என்று தாங்களாக வந்தவர்கள். கூடாரமோ அழைக்காமல் போய் இறங்கியது. இன்னொன்று, வோக் படங்களில் மாடலுக்குப் பெயர் உண்டு. நியூ கினிப் படங்களின் தலைப்பில் குழுவின் பெயர் மட்டும். தொழிலாளர் படங்களிலும் தொழிலின் பெயர்தான். ஆனால் அங்கே கையில் இருக்கும் கருவி அந்த ஆளைப் பற்றி ஏதோ சொல்கிறது.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரை இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் வெறும் துணியின் முன்னால் நிறுத்துவதற்கு முன், அவர்களுக்கு அந்தப் படம் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் அவர்கள் விரும்பும் உடையில், குடும்பத்தோடு எடுங்கள். விரும்பினால் பெயரைப் படத்தின் பின்னால் எழுதுங்கள். பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பிறகு உங்கள் கண்காட்சியைப் பற்றி யோசியுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வேலையை நிறுத்தி நிற்கவைக்க வேண்டாம்.

பிளாட்டினம் பிரிண்ட் என்கிறார்களே, அது என்ன?

இதழில் அச்சானபோது தம் படங்கள் மங்கிப்போவதாக பென் வருந்தினார். 1964 வாக்கில், ஏறத்தாழ மறந்துபோயிருந்த ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு முறையைத் தாமே கற்கத் தொடங்கினார். வழக்கமான கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் படமாக நிற்பது வெள்ளி. வெள்ளி கறுக்கும் என்பதைச் செவ்வாய்ப்பேட்டையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிளாட்டினம் அப்படி நிறம் மாறாது. இரும்பு உப்பையும் பிளாட்டினம், பல்லேடியம் உப்புகளையும் கரைத்துக் காகிதத்தில் கையாலேயே பூச வேண்டும்; உலோகம் காகித நாருக்குள்ளேயே இறங்கிவிடுவதால் மேலே பளபளப்பு இருக்காது.

இந்தக் காகிதத்துக்கு வெளிச்சம் மெதுவாகத்தான் உறைக்கும் என்பதால் நெகட்டிவை அதன்மேல் நேரே ஒட்டிவைத்துத்தான் ஒளி காட்ட முடியும். படம் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு பெரிது. பென் அதோடு நிற்கவில்லை. ஒரே காகிதத்தில் மறுபடி பூசி, மறுபடி ஒளி காட்டி, கறுப்பை ஆழமாக்கினார். நனைந்தால் காகிதம் சுருங்கும், படம் இம்மி விலகும். அதற்காகக் காகிதத்தை அலுமினியத் தகட்டில் ஒட்டி, நெகட்டிவ் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும்படி முளை வைத்தார். கடிகாரத் தொழிலாளியின் மகன் என்பது இங்கேதான் தெரிகிறது.

கறுத்த முகங்கள் அவருடைய படங்களில் அழகாக இருக்கின்றன. நமக்கு ஏன் வருவதில்லை?

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளைச் சட்டை நிறைய இருந்தால் படத்தை இருட்டாக்கும், முகம் கரியாகும். ஆகவே முகத்துக்கு அருகில் சாம்பல் அட்டை வைத்து அளந்துகொள்ளுங்கள். முன்னாலிருந்து பிளாஷ் அடித்தால் கறுத்த தோல் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். பக்கத்திலிருந்து வரும் அகன்ற வெளிச்சத்தில்தான் கன்னத்தின் வளைவு தெரியும். இவ்வளவுதான் தொழில்நுட்பம். மற்றது மனசு. மணப்பெண்ணைக் கணினியில் இரண்டு சாயல் வெளுப்பாக்கிக் கொடுப்பதைச் சேவை என்று நினைக்கும் வரை, எந்தக் கேமராவும் நமக்கு உதவாது.

விளம்பரத்துக்கு வேலை செய்தவரைக் கலைஞர் என்று சொல்லலாமா?

1968 முதல் கிளினிக் (Clinique) நிறுவனத்தின் அழகுசாதனப் பொருட்களை அவர்தான் எடுத்தார். சீசா, டப்பா, பல்துலக்கி. 1975இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அவர் காட்சிக்கு வைத்தது தெருவில் பொறுக்கிய சிகரெட் துண்டுகளை, பெரிய பிளாட்டினம் பிரிண்ட்களாக. இரண்டுக்கும் அவர் கொடுத்த கவனத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மீதியை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரிச்சர்ட் அவெடானா, பென்னா?

அவெடானும் அமெரிக்க ஃபேஷன் ஒளிப்படக் கலைஞர்தான். இருவரும் பிரோடோவிச்சின் மாணவர்கள். அவெடான் மாடலை ஓடவிட்டார், குதிக்கவிட்டார்; பின்னால் பெரும்பாலும் வெள்ளை. பென் நிறுத்திவைத்தார், பின்னால் சாம்பல். கல்யாண வரவேற்பு எடுக்கப் போகும்போது அவெடானை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களை உட்காரவைத்து எடுக்கும்போது பென்னை.

ஜப்பானிய வடிவமைப்பாளர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்தாராமே?

இஸ்ஸே மியாகே. 1986 முதல் 1999 வரை அவருடைய உடைகளை பென் எடுத்தார். மியாகே படப்பிடிப்புக்கு வந்ததில்லை. பென் அவருடைய ஆடைக் காட்சிக்குப் போனதில்லை. உடைகள் மட்டும் நியூயார்க்குக்கு வரும், படங்கள் மட்டும் ஜப்பானுக்குப் போகும். வாடிக்கையாளர் தோளுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்க்கும் நம் தொழிலில் இதைக் கேட்டாலே பொறாமையாக இருக்கிறது.

அவருடைய படங்களை எங்கே பார்க்கலாம்?

சிகாகோ கலைக் கழகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், கெட்டி அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளில் அவர் பெயரைத் தேடினால் காசில்லாமல் பார்க்கலாம். மெட்ரோபாலிட்டன் 2017இல் அவருடைய நூற்றாண்டுக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. கைபேசியில் பார்க்க வேண்டாம். பெரிய திரையில், அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாரிஸ் தொழிலாளர்களிலிருந்து தொடங்கி, குஸ்கோவுக்குப் போய், அதன் பிறகு ஃபேஷன் படங்களுக்கு வாருங்கள். உடையை விட்டுவிட்டு முதலில் கைகளைப் பார்க்கும் பழக்கம் அதற்குள் வந்திருக்கும்.